நீலகிரியிலிருந்து பாலைவனத்துக்கு: ஜெய்சல்மேரில் எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கத்துக் குடும்பங்கள் டிசம்பர், ஜனவரி விடுமுறையில் ராஜஸ்தான் பாலைவனத்துக்குக் கிளம்புவது இப்போது அதிகமாகிவிட்டது. குன்னூரில் பயண ஏற்பாட்டு வேலையில் இருப்பதால் கிளம்புகிறவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள், கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றையெல்லாம் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். பாலைவனத்தில் அறை, குளியல், தட்டில் விழும் குழம்பு என்று எல்லாவற்றையும் தீர்மானிப்பது தண்ணீர். அதை மனதில் வைத்து இடம் பிடித்தால் நிம்மதியாகத் தங்கலாம், அருமையாகச் சாப்பிடலாம். கீழே பல பதில்களில் இது திரும்பத் திரும்ப வரும்.

எந்த மாதம் போகலாம்?

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. ஜெய்சல்மேரில் அப்போது பகலில் வெயில் இதமாக இருக்கும். ஊருக்கு வெளியே சம் என்ற மணல்மேட்டுப் பகுதியில் இருக்கும் கூடார முகாம்களும் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான் நடக்கின்றன.

"மே மாசம் லீவு, கட்டணமும் குறைவு, போகலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் நடுவில் பலோடி என்று ஒரு ஊர் இருக்கிறது, 2016 மே 19 அன்று அங்கே 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. 25 டிகிரியைத் தொட்டாலே வெயில் என்று சொல்லும் நம் உடம்பு அதைத் தாங்காது, வயதானவர்களும் குழந்தைகளும் கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம்.

ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியில், வடக்கத்தியர்களின் மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி ஜெய்சல்மேரில் பாலைவனத் திருவிழா நடக்கும். பார்க்க வேண்டிய ஒன்று. ஆனால் அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், வாடகையும் ஏறிவிடும், முன்கூட்டியே பதிவு செய்யாமல் போகக் கூடாது.

நாங்கள் ஊட்டிக் குளிருக்குப் பழகியவர்கள். ஸ்வெட்டர் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். ஜனவரி இரவுகளில் 7, 8 டிகிரி வரை இறங்கும், சில நாள் அதற்கும் கீழே. குளிரின் அளவு உங்களுக்குப் புதிதாக இருக்காது, வறட்சிதான் புதிது. மூக்கு காய்ந்து எரியும், உதடு வெடிக்கும், தாகம் தெரியாமலே உடம்பில் நீர் குறையும். தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் கையில் இருக்கட்டும். சுவர் உள்ள அறையில் தூங்குவதும் துணிக் கூடாரத்தில் தூங்குவதும் ஒன்றில்லை, குல்லாவும் சாக்ஸும் அவசியம்.

எப்படிப் போவது?

மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் போய்விட்டால், அங்கிருந்து வாரம் ஒருமுறை ஹிசார் வரை போகும் முழு ஏ.சி. விரைவு ரயில் இருக்கிறது. கேரளம், கொங்கண், குஜராத் வழியாக ஜோத்பூர் போகும், ரயிலில் இரண்டு இரவுகள். நேரம் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் கொங்கணின் பச்சையைப் பார்த்துக்கொண்டே போய் மெல்ல மெல்ல வறண்ட நிலத்துக்குள் நுழைவதை விமானத்தில் பார்க்க முடியாது. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் ரயிலிலோ காரிலோ ஐந்து, ஆறு மணி நேரம். விமானம் என்றால் டெல்லி அல்லது மும்பை போய் மாற வேண்டும். ஜெய்சல்மேருக்கு நேராக இறங்கும் விமானங்கள் குளிர்காலத்தில்தான் ஓரளவு கிடைக்கும்.

ஜெய்சல்மேர் கோட்டைக்குள்ளேயே தங்கலாம் என்கிறார்களே?

தங்கலாம். ஆனால் என்னிடம் கேட்டால் வெளியே தங்குங்கள் என்பேன், எல்லோரிடமும் இதை வற்புறுத்தித்தான் சொல்கிறேன்.

1156-ல் ராவல் ஜெய்சல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. மஞ்சள் கல்லால் ஆனது, சாயங்கால வெயிலில் தங்கம் போல மின்னும். இன்றும் உள்ளே ஆயிரக்கணக்கானோர் வீடு, கடை, கோயில் என்று வாழ்கிறார்கள். ராஜஸ்தானின் இன்னும் ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து 2013-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. கட்டிய காலத்தில் அங்கே குழாயும் இல்லை, ஷவரும் இல்லை. கீழே இருக்கும் கடிசர் ஏரியிலிருந்து பெண்கள் குடத்தில் சுமந்து வந்த தண்ணீர்தான், அதில் ஒரு சொட்டையும் வீணாக்க மாட்டார்கள். பிற்காலத்தில் குழாய் வந்தது, தங்கும் விடுதிகள் பெருகின, ஒவ்வொரு அறைக்கும் குளியலறை வந்தது. பழைய வடிகாலால் அந்தக் கழிவுநீரைத் தாங்க முடியவில்லை. கசிந்த நீர் கோட்டை நிற்கும் குன்றுக்குள் இறங்கி அடித்தளத்தை இளக்கியதில் கொத்தளங்கள் சில சரிந்தே விட்டன. 1996-லேயே உலக நினைவுச்சின்ன நிதியம் இதை ஆபத்தில் இருக்கும் இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

2009 நவம்பர் மழையில் நம் மலையில் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நமக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே நடப்பதும் அதேதான், கொஞ்சம் மெதுவாக நடக்கிறது.

கோட்டையைப் பகலில் சுற்றிப் பாருங்கள், சமணக் கோயில்களைப் பாருங்கள், உள்ளேயே டீ குடியுங்கள், அந்த மக்களுக்கும் பிழைப்பு வேண்டும். இரவுக்குக் கீழே நகரத்தில் ஹவேலி என்னும் பழைய மாளிகை ஒன்றில் அறை எடுங்கள். கோட்டைக்கு எதிரே மொட்டைமாடி உணவகங்கள் நிறைய இருக்கின்றன. ராத்திரி அங்கே உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் முழுக் கோட்டையையும் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம், உள்ளே தங்குபவர்களுக்கு அந்தக் காட்சி கிடைக்காது.

கூடாரத்தில் எத்தனை இரவு? சம்மா, குரியா?

ஒரு இரவு போதும். மிச்ச நாட்களை நகரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம் மணல்மேடுகள் நகரத்துக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். வரிசையாக முகாம்கள், ஜீப், ஒட்டகம், ஒலிபெருக்கி என்று திருவிழாக் கூட்டம். குரி தென்மேற்கே இருக்கும் கிராமம், கொஞ்சம் அமைதி, வசதியும் கொஞ்சம் குறைவு. பிள்ளைகளோடு பெரிய கூட்டமாகப் போகிறவர்களுக்கு சம் பிடிக்கும். நட்சத்திரம் பார்க்க, பேசாமல் உட்கார, நல்ல பாட்டுக் கேட்க நினைப்பவர்கள் குரிக்குப் போங்கள். எனக்குப் பிடித்தது குரிதான்.

முகாம்களில் பேக்கேஜ் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மதியத்துக்கு மேல் செக்-இன், ஒரு டீ, சூரியன் மறையும் நேரத்தில் ஒட்டகச் சவாரி, இருட்டியதும் நெருப்பைச் சுற்றி ஆட்டம்பாட்டம், அப்புறம் பஃபே சாப்பாடு, காலையில் டிபன், உடனே காலி செய்ய வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் போன் போட்டுக் கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுங்கள். குளியலறை கூடாரத்தோடு சேர்ந்ததா, பொதுவா? வெந்நீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? ஒட்டகச் சவாரி எவ்வளவு நேரம், ஜீப் சவாரிக்குத் தனிக் கட்டணமா? கூடாரம் மணல்மேட்டை ஒட்டி இருக்கிறதா, ரோட்டோரமா? ராத்திரி பாட்டு நாட்டுப்புறக் கலைஞர்களா, டி.ஜே.வா? எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள்? கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்துக் குடும்பம் ஒன்று இதைக் கேட்காமல் போய், பக்கத்து முகாமின் டி.ஜே. சத்தத்தில் குழந்தையோடு பாதி ராத்திரி வரை தூங்காமல் இருந்துவிட்டு வந்தது.

பாடுகிறவர்கள் பெரும்பாலும் மாங்கணியார் சமூகத்தார். பரம்பரைப் பாடகர்கள், முஸ்லிம்கள், ஆனால் தலைமுறை தலைமுறையாக இந்துக் குடும்பங்களின் கல்யாணத்துக்கும் குழந்தைப் பேற்றுக்கும் பாடி வாழ்ந்தவர்கள். கமாய்ச்சா என்ற, வில்லால் இழுத்து வாசிக்கும் நரம்புக் கருவியும் கர்த்தால் என்ற மரச் சில்லுகளும் அவர்கள் கையில் பேசும். கால்பேலியா என்ற பாம்பாட்டிச் சமூகத்தாரின் ஆட்டம் 2010-ல் யுனெஸ்கோவின் கலைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இவர்களுக்கு முகாம்காரர் தருவது அதிகம் இருக்காது, எனவே பாட்டு பிடித்திருந்தால் பணத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

குளிக்கத் தண்ணீர் இருக்குமா? குடிக்கலாமா?

இருக்கும், ஆனால் அளவாக. ஜெய்சல்மேரில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழை சுமார் 20 சென்டிமீட்டர், அதுவும் நல்ல வருஷமென்றால். 2019 ஆகஸ்டில் நம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அவர்களுடைய நான்கு வருஷ மழையை நாம் ஒரு நாளில் பார்த்திருக்கிறோம்.

இப்போது அந்த ஊருக்குத் தண்ணீர் இந்திரா காந்தி கால்வாய் வழியாக வருகிறது. பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் சேரும் இடத்துக்குக் கீழே ஹரிகே அணையில் புறப்பட்டு, ஏறக்குறைய 650 கிலோமீட்டர் ஓடி வரும் நீர். மணல் நடுவே இருக்கும் முகாம்களுக்குப் பெரும்பாலும் டேங்கர். நீச்சல் குளம் இருக்கிறதா என்று பார்த்து ரிசார்ட் பிடிப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: குளத்துக்குக் கொடுக்கும் காசை நல்ல அறைக்கும் நல்ல சமையலுக்கும் கொடுங்கள். ஜனவரிக் குளிரில் அந்தக் குளத்தில் நீங்கள் இறங்கப் போவதும் இல்லை. வாளிக் குளியல் போதும்.

குடிக்க ஆர்.ஓ. தண்ணீரைக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் பாட்டில் தடை இருக்கும் மாவட்டத்திலிருந்து போகிறோம், வீட்டிலேயே ஸ்டீல் பாட்டில் இருக்கும், அதையே எடுத்துப் போய் நிரப்பிக்கொள்ளுங்கள். மணலில் விழுந்த பாட்டில் மக்காமல் அங்கேயே கிடக்கும்.

சாப்பாட்டில் எதைத் தவறவிடக் கூடாது?

முதலில் கேர் சாங்க்ரி. கேர் என்பது முள்புதரில் காய்க்கும் சின்னக் காய். சாங்க்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய், மெல்லிய நீளமான அவரை மாதிரி இருக்கும். கேஜ்ரி வேறு எதுவும் இல்லை, நம் ஊர் சிவன் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி மரமேதான். ராஜஸ்தானின் மாநில மரமும் அதுதான். 1730-ல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில், ராஜாவின் ஆட்கள் இந்த மரங்களை வெட்ட வந்தபோது அம்ருதா தேவியோடு சேர்ந்து பிஷ்ணோய் மக்கள் 363 பேர் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிரை விட்டார்கள். பஞ்சத்திலும் காய் கொடுத்த மரம் அது. இரண்டையும் வெயிலில் காயவைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். சமைக்கும்போது ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெயில் வற்றல் மிளகாய், ஆம்சூர் (காய்ந்த மாங்காய்த் தூள்) போட்டு வதக்குவார்கள். புளிப்பும் காரமுமாக ஊறுகாய்க்கும் பொரியலுக்கும் நடுவில் ஒரு ருசி. தண்ணீர் இல்லாத கறி என்பதால் சில நாள் கெடாமலும் இருக்கும்.

அப்புறம் கட்டே கி சப்ஜி. காய்கறி கிடைக்காத நிலத்தில் கடலை மாவையே காயாக்கிவிட்டார்கள். மாவை உருட்டி வேகவைத்து, துண்டு போட்டு, தயிர்க் குழம்பில் கொதிக்க விடுவார்கள். பொரித்த அப்பளத்தைக்கூடத் தயிர்க் குழம்பில் போட்டுக் கறியாக்குவார்கள். தண்ணீர் ஊற்றிச் செய்ய வேண்டிய இடத்தில் தயிரும் மோரும் நெய்யும் வருவதை அங்கே பல பதார்த்தங்களில் பார்க்கலாம்.

தால் பாட்டி சூர்மா எல்லோருக்கும் பெயர் தெரிந்ததுதான். கோதுமை உருண்டையைத் தணலில் சுட்டு, உடைத்து, நெய்யில் முக்கி, ஐந்து பருப்புக் குழம்போடு சாப்பிட வேண்டும், இனிப்புக்கு அதையே பொடித்து நெய்யும் வெல்லமும் சேர்த்த சூர்மா. பஃபேயில் மூடி வைத்த பாட்டி ஆறிப்போய்க் கல்லாகிவிடும். தணலிலிருந்து எடுத்துத் தரும் கடையில் சாப்பிட்டால்தான் அதன் அருமை தெரியும், இதற்காகவே ஒரு வேளை முகாம் சாப்பாட்டை விட்டுவிட்டு நகரத்தில் நல்ல தாபா தேடுங்கள்.

குளிர்காலத்தில் கம்பு ரொட்டி கிடைக்கும். மேலே நெய், பக்கத்தில் வெல்லமும் பூண்டுத் துவையலும். கம்பு மாவை மோரில் காய்ச்சும் ராப் என்பதையும் கேட்டுப் பாருங்கள், நம் கம்பங்கூழுக்கு ரொம்ப நெருக்கம். ராகிக் களியும் அவரையும் சாப்பிட்டு வளர்ந்த நம் மலைக் குடும்பங்களுக்கு இந்தச் சாப்பாடு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பனீர் பட்டர் மசாலாவைக் குன்னூரிலேயே சாப்பிடலாம்.

ஜோத்பூரில் இறங்கினால் வெங்காயக் கச்சோரி, மிர்ச்சி வடா, மக்கானியா லஸ்ஸி. மிர்ச்சி வடா நம் மிளகாய் பஜ்ஜிதான், உள்ளே உருளைக்கிழங்கு மசாலா இருக்கும், ஒன்றே வயிற்றை நிரப்பிவிடும்.

லஸ்ஸி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: ஜெய்சல்மேரில் பாங் (கஞ்சா இலை) கலந்த லஸ்ஸியை அரசு அனுமதியோடு வெளிப்படையாக விற்கும் கடை உண்டு. கேட்காமல் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அம்மாவுக்குச் சோறு இல்லாமல் முடியாது. என்ன செய்வது?

பஃபேயில் ஜீரா சாதமோ புலாவோ இருக்கும், தயிரும் இருக்கும். "வெறும் சாதம் குழைய வேண்டும்" என்று காலையிலேயே சொல்லிவைத்தால் பெரும்பாலான இடங்களில் செய்து தருகிறார்கள், இரவு எட்டு மணிக்குச் சொன்னால் நடக்காது. பருப்புப் பொடி, ஒரு ஊறுகாய் போதும், பெட்டி நிறைய மூட்டை கட்ட வேண்டாம். நெய்யும் பொரித்ததும் அதிகம் என்பதால் வயதானவர்கள் ராத்திரி கிச்சடி, மோர் என்று முடித்துக்கொள்வது நல்லது. டீ பாலிலேயே கொதிக்கவைத்து இனிப்பாக வரும். கட்டன் சாயா பழக்கமிருந்தால் நம் ஊர்த் தேயிலைத்தூளில் ஒரு சின்னப் பொட்டலம் எடுத்துப் போய் வெந்நீர் மட்டும் கேளுங்கள்.

அசைவம் கிடைக்குமா?

கிடைக்கும். லால் மாஸ் என்ற ஆட்டுக்கறிக் குழம்பு, ஜோத்பூர் பக்கத்து மதானியா மிளகாயின் சிவப்போடு வரும். முகாம்களில் அசைவத்துக்குப் பெரும்பாலும் தனிக் காசு. நகரத்தில் சமணக் குடும்பங்கள் நடத்தும் உணவகங்களில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது, அங்கே போய் முட்டை கேட்காதீர்கள்.

பில்லில் எதைக் கவனிக்க வேண்டும்?

அறை வாடகை ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரை என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்தக் கணக்கு. சாதாரண உணவகத்தில் சாப்பாட்டுக்கு 5 சதவீதம், விலையுயர்ந்த ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகத்தில் 18. ஆக, ரிசார்ட்டுக்குள் சாப்பிடுவதற்கும் வெளியே சாப்பிடுவதற்கும் வரியிலேயே வித்தியாசம் வந்துவிடுகிறது. சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இருந்தால் நிதானமாக எடுக்கச் சொல்லுங்கள். பரிமாறியவருக்குக் கையில் கொடுப்பது வேறு விஷயம், அதைக் கொடுங்கள்.

ஜீப்பில் மணல்மேடு ஏறலாமா? கானமயில் பார்க்க முடியுமா?

முதுகுவலி, கழுத்துவலி, கர்ப்பம் இருந்தால் ஜீப் வேண்டாம். சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். சம்மை ஒட்டியே 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த பாலைவனத் தேசியப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுச் சமவெளியிலும் திரிந்த கானமயில் என்ற பெரிய புல்வெளிப் பறவை இன்று நாட்டில் 200-க்கும் குறைவு, அதில் பெரும்பகுதி ஜெய்சல்மேர் மாவட்டத்தில்தான். வனத்துறை அனுமதியோடு, விவரம் தெரிந்த வழிகாட்டியோடு விடியற்காலையில் போனால் வாய்ப்பு உண்டு. முதுமலையில் யானையைக் கண்டு இறங்கி ஓடும் ஆட்களைப் பார்த்து நமக்குக் கோபம் வருகிறதல்லவா? அங்கே வண்டியைப் புல்வெளிக்குள் விடச் சொல்லி நாம் கேட்கக் கூடாது.

மகன் துபாயில் இருக்கிறான், அங்கே பாலைவன ரிசார்ட் போகலாம் என்கிறான். எப்படி?

அது வேறு கணக்கு. துபாயின் அல் மஹா 1999-லிருந்து இருக்கிறது, பாலைவனப் பாதுகாப்புக் காட்டுக்குள், ஆரிக்ஸ் மான்கள் நடமாட. வாடகை மிக அதிகம். சாப்பாடு சேர்ந்ததா என்பதைத் தெளிவாகப் பாருங்கள். 'ஹாஃப் போர்டு' என்றால் காலை டிபனும் இன்னொரு வேளைச் சாப்பாடும், பெரும்பாலும் இரவு. மதியம் பசித்தால் மணல் நடுவில் வேறு கடை கிடையாது, ரிசார்ட் சொல்வதே விலை. அறைக்கு இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை சுற்றுலாக் கட்டணமும், அதுபோக வாட் முதலான வரிகளும் வரும். வீட்டில் பேசி முடிவெடுத்தால், அறை எடுக்காமல் சாயங்காலம் போய் இரவுச் சாப்பாடு முடித்துத் திரும்பும் டெசர்ட் சஃபாரியே பலருக்குப் போதும். ரம்ஜான் மாதம் என்றால் பகலில் வெளியிடங்களில் பார்த்து நடந்துகொள்ள வேண்டும், சூரியன் மறைந்தபின் இஃப்தார் விருந்து பிரமாதமாக இருக்கும்.

திரும்பி வரும்போது என்ன வாங்கலாம்?

காய்ந்த கேர், சாங்க்ரி, மதானியா மிளகாய், 2010-ல் புவிசார் குறியீடு பெற்ற பிகானேர் புஜியா. ஜெய்சல்மேரின் கோட்டுவா லட்டு சில நாள்தான் தாங்கும், ரயிலிலேயே தீர்த்துவிடுங்கள். சாங்க்ரி வாங்கும்போது மெல்லியதாக, பச்சை கலந்த பழுப்பாக இருப்பதைப் பொறுக்குங்கள், முற்றியது நார். வீட்டுக்கு வந்ததும் துணிப்பையில் விட்டுவைக்காதீர்கள். அந்த வறட்சியில் வருஷக்கணக்கில் இருப்பது நம் மூடுபனியில் சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடும். ஒரு நாள் வெயில் காட்டி, இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் போட்டு வையுங்கள். சமைப்பதற்கு முந்தின இரவு மோரில் ஊறப்போடுங்கள்.